பச்சை வீட்டை விட்டுப் போன அத்தை

தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகளில், எங்கள் காம்பராவுக்கும் அத்தையின் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். கந்தப்பளைப் பக்கம் பெருமழை பிடித்துக்கொண்டால், லயத்தின் கோடிக் காம்பராவில் இருப்பவர் பக்கத்துச் சுவரைத் தட்டுவார். அவர் அடுத்த சுவரைத் தட்டுவார். அப்படியே மறுகோடி வரைக்கும் போகும். எல்லோரும் பத்திரமாக இருக்கிறோம் என்பதற்கு அதுதான் அடையாளம். அத்தை மட்டும் தட்டிவிட்டுச் சும்மா இருக்கமாட்டார். "மருமகனே, கூரையப் புடிச்சுக்க, பறந்துறப் போவுது" என்று அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் கொடுப்பார். அவர் எனக்குச் சொந்த அத்தை இல்லை. லயத்தில் அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

படித்து முடித்த பிறகு கொழும்பில் எனக்குக் கிடைத்தது வரைபடம் போடும் வேலை. புயல் வந்தால் எந்தக் கடற்கரை ஊர் தாக்குப்பிடிக்கும், எது தாக்குப்பிடிக்காது என்று வீடு வீடாகக் கேட்டு நிறம் தீட்டுவோம். உறுதியான கூரை, நல்ல பாதை, கையில் போன் எல்லாம் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. மலையில் பிறந்தவனுக்குக் கடலில் என்ன வேலை என்று அத்தை என்னைக் கேலி செய்யாத லீவு கிடையாது. கொழும்பில் என் பக்கத்து அறையில் இருப்பது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை நான் அத்தையிடம் சொன்னதில்லை.

இதற்கிடையில் அத்தைக்குத் தோட்டத்தில் தனிவீடு கிடைத்தது. கணவர் இறந்து வெகுநாளாகியிருந்தது. ஒரே மகள் வெளிநாட்டில் வீட்டு வேலையில் இருந்தாள். புதுச் சுவர், புதுக் கூரை, சுற்றிலும் முற்றம். பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

பிறகு வந்த புயல், நாங்கள் கேட்டுத் திரிந்த கடற்கரையை விட்டுவிட்டு மலையைப் போட்டு உலுக்கியது. மண் சரிந்தது, கரண்டும் போனும் போயின. எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அத்தை மற்றவர்களோடு போயிருப்பார் என்று ஒவ்வொரு வீட்டாரும் நினைத்துவிட்டார்கள். அவரோ சேலையையும் மருந்தையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டு, யாராவது சுவரைத் தட்டுவார்கள் என்று உட்கார்ந்திருந்திருக்கிறார். தனிவீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் மழை மட்டும்தான். மழை விட்டு ஆட்கள் திரும்பி வந்தபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாராம். வீட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

அதன் பிறகு அத்தை பழைய லயத்துக்கே போய்விட்டார். மேலே நிலம் வெடித்திருக்கிறது, காலி செய்யுங்கள் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போன லயம் அது. போக்கிடம் இல்லாத சில குடும்பங்கள்தாம் அங்கே மிச்சம். அந்தச் சமயத்தில்தான் மலைநாட்டுக்கும் வரைபடம் போட எங்களை அனுப்பினார்கள். தனிவீட்டுக்குப் பச்சையும் லயத்துக்குச் சிவப்பும் நானே தீட்டினேன். அடுத்த மழைக்கு முன்னால் அவரை எப்படியாவது கிளப்பிவிட வேண்டும் என்று ஒரு பின்னேரம் போனேன். பயத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது.

"மல எறங்குனா ஒங்கள மண்ணுக்குள்ளதான் தேடணும் அத்தே. அந்த வீட்டுக்கே போயிருங்க."

அத்தை தேத்தண்ணியை ஊற்றி என் கையில் கொடுத்தார்.

"தெரியும்யா. அங்க நான் செத்துக் கெடந்தாலும் யாருக்குத் தெரியப்போவுது? இங்கன்னா பக்கத்துல ஆளுக இருக்காங்க."

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒன்னு செய்வோம். நீ வந்து என்கூட அந்த வீட்டுல இரு. இப்பவே கெளம்புறேன்."

கேலியாகச் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். மறுநாள் காலை பஸ் ஏறிக் கொழும்புக்கு வந்துவிட்டேன். அத்தை இன்னும் அங்கேதான் இருக்கிறார்.