மூன்றாம் எண் குப்பி

"லூர்து சார் போயிட்டாருண்ணே" என்று எங்கள் ஆய்வகத்துக் குமுதா போனில் சொன்னபோது நான் மைக்ராஸ்கோப் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அங்கேயே அழுதேன். அன்று அழுததை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது. அவரைத் தெரிந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இந்த அஞ்சலியில் நல்லதை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளையில்லாத தம்பதிகளுக்கான எங்கள் ஆய்வகத்தில் விந்துப் பரிசோதனையை எனக்குக் கற்றுத் தந்தவர் அவர். "கூட்டத்த எண்ணிட்டு எழுந்துடாத சேகரு. எது நீந்துதுன்னு பாரு" என்பார். விந்தணுவின் வாலை அசைப்பவை சில புரதங்கள். அவற்றில் ஒன்று குறைந்தாலும் கோடிக்கணக்கில் இருக்கும் அணுக்கள் நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும். அந்தப் புரதங்களைத்தான் அவர் ஆராய்ந்தார்.

ஒப்பிட்டுப் பார்க்க, குறையில்லாத ஆண்களின் மாதிரி வேண்டும். வெளியாள் யார் தருவார்? ஆய்வகத்து ஆண்களே கொடுத்தோம். எனக்குக் கல்யாணமான புதிது. மூன்றாம் எண் குப்பி என்னுடையது. முடிவை யாருக்கும் சொல்வதில்லை. சொல்லாததால் என்னுடையது நன்றாகத்தான் இருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பதினான்கு வருடம். என் மனைவி செல்வி விழுங்காத மாத்திரை இல்லை, எடுக்காத ஸ்கேன் இல்லை. முத்தியால்பேட்டையில் என் தங்கையின் வளைகாப்பில் என் அம்மா செல்வி கையிலிருந்த வளையலை வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தாள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒரு பொங்கலன்று சார் வீட்டுக்கு வந்திருந்தபோது அவர் எதிரிலேயே பெருமையாகச் சொன்னேன்: "என் சாம்பிளத்தான் சார் அளவுகோலா வச்சிருக்காரு. கோளாறு என்கிட்ட இல்ல." அவர் தட்டைப் பார்த்தபடி வடையைப் பிய்த்தார். போகும்போது செல்வியிடம், "பொறுமையா இரும்மா" என்றார்.

அடக்கம் முடிந்த வாரம், மூலக்குளத்து வீட்டில் அவருடைய மனைவி நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார், ஆய்வகத்தில் சேர்க்கச் சொல்லி. பழைய நோட்டு ஒன்றில் அவர் கையெழுத்து: "மூன்று. எண்ணிக்கை நன்று. அசைவு மிகக் குறைவு. வால் புரதம் குறைவு. ஒப்பீட்டிலிருந்து நீக்கு." பக்கத்தில், "சேகரிடம் சொல்ல வேண்டும்." அடுத்த வருட நோட்டிலும் அதே வரி. அதற்கடுத்ததிலும்.

அசையாத அணுவையும் ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தலாம் என்று எத்தனை பேருக்கு நம்பிக்கை சொன்ன மனிதர்! தினமும் என்னோடு டீ குடித்தவர். என்னிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லையா? கூச்சமோ இரக்கமோ, எதுவாகவும் இருக்கட்டும். எனக்கு அது துரோகம்.

செல்விக்கு இப்போது நாற்பத்தைந்து. நோட்டை அவள் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினாள்.

"அவரு சொல்லல, சரி. நீ தெனம் அந்த மிசின் முன்னாடிதான உக்காந்திருந்த? ஊராருதெல்லாம் பாத்த. உன்னுத ஒரு நாளு பாக்கணும்னு தோணலியா?"

உள்ளே போய்விட்டாள்.

அவருடைய பொறுமையையும் சிரிப்பையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது செல்வியின் இந்தக் கேள்விதான். அவர் பெயரைச் சொல்லி இதிலிருந்து தப்ப முடியவில்லை.