ஞானபாக்கியம் கட்டிய கொடி

ஞானபாக்கியம் என்று பேர் வைத்த பாதிரியார் கொஞ்சம் பொறுத்துப் பார்த்து வைத்திருக்கலாம் என்பது அவளுடைய கட்சி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. நாலு பேர் முன்னால் வாய் எழாது. முந்தானை நுனியைத்தான் திருகுவாள். வாய்க்குச் சேரவேண்டிய பங்கையும் கடவுள் கண்ணுக்கே கொடுத்துவிட்டார் என்று தன்னைத் தேற்றிக்கொள்வாள்.

நாற்பத்து மூன்றாம் வருஷம், சண்டைக்காலம். தூத்துக்குடி உப்பளத்துக்கு அப்பால் விமானம் இறங்க ஒரு பொட்டலைச் சமப்படுத்தி, ஓரத்தில் ரேடியோ குடிசை போட்டிருந்தார்கள். அங்கே பெருக்குவதும், டீ போடுவதும், காக்கிச் சட்டைகளைத் துவைத்துக் கஞ்சி போடுவதும் அவள் வேலை. ரேடியோ பார்ப்பவன் நாசரேத்துத் தேவதாசன். மேகத்துக்குள் வழி தெரியாத விமானி ரேடியோவில் ஒன்றிலிருந்து பத்துவரை இங்கிலீஷில் எண்ணுவான். தேவதாசன் கூரைமேல் இருக்கும் கம்பி வளையத்தைத் திருப்பிக்கொண்டே கேட்பான். குரல் எங்கே ஆகச் சிறுக்கிறதோ, அதை வைத்துத் திசை கணக்கிட்டு, இப்படி வா என்று சொல்வான். சிறுத்த குரலுக்கு மதிப்பு உள்ள ஒரே இடம் இதுதான் என்று ஞானபாக்கியத்துக்கு அந்தக் குடிசைமேல் தனிப் பிரியம். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் அந்தப் பத்துதான்.

மூன்று வாரமாக வளையம் பொய் சொல்லியது. ஒரு விமானம் ஆலந்தலைக்குப் போய்விட்டது. இன்னொன்று முதுமக்கள்தாழி புதைந்த ஆதிச்சநல்லூரைச் சுற்றியது. "உயிரோட இருக்கவனைத் தாழிக்காட்டுக்கு அனுப்புதானே!" என்று பொட்டல் முழுக்கச் சிரிப்பு. மதராஸிலிருந்து அதிகாரி வந்தார். இன்று வரும் சோதனை விமானமும் வழி தப்பினால் தேவதாசனுக்கு வேலை போய்விடும். அவன் சம்பளத்தை நம்பி வீட்டில் நாலு தங்கச்சிமார்.

அவன் திருகாத திருகாணி இல்லை. ஞானபாக்கியத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம். குடிசையில் யாராவது சைக்கிளைச் சாத்தினால், "இரும்பைக் கொண்டாராதிய, வளையம் ஏமாந்துரும்" என்று அவன் விரட்டுவதைப் பார்த்திருக்கிறாள். கயிறு சட்டையில் கறை ஏற்றுகிறது என்று, மூன்று வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, குடிசையின் பின்புறம் இரும்புக் கம்பி கட்டித் துணி உலர்த்தத் தொடங்கியது அவள். செவ்வாய்க்கிழமைதான் முதல் விமானம் வழி தப்பியது.

அதிகாரியும் தேவதாசனும் இருந்த குடிசைக்குள் சொல்லப் போனாள். டீயை வைத்துவிட்டுத் திரும்பினாள். மறுபடியும் போனாள்; மறுபடியும் டீ.

"இது மூணாவது டீ. யாராவது கேட்டாங்களா?" என்றார் அதிகாரி.

"கொடி கட்டினது நான்தான் ஐயா."

அதிகாரி எழுந்தேவிட்டார். முந்தின வருஷத்து 'வெள்ளையனே வெளியேறு' கலவரம் அவருக்கு மறக்கவில்லை. "கொடியா? இங்கேயா? மூணு நிறமா?"

"எல்லா நிறமும் உண்டு ஐயா. காக்கிதான் கூட."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா. காலையில போடுவேன், பொழுது சாயுமுன்ன எறக்கிருவேன்."

"முறையா ஏத்தி இறக்கவும் செஞ்சியா! யார் சொல்லிக்கொடுத்தது?"

"ஒருத்தரும் சொல்லல ஐயா. கயித்துல போட்டா கறை ஏறுது. அதான் கம்பியில..."

தேவதாசன் தலையைத் தூக்கினான். "கம்பியா? எங்கன கட்டுனிய அக்கா?"

ஓடினார்கள். குடிசைத் தூணிலிருந்து எதிர்த் தூண்வரை கம்பி மின்னியது. அதில் வரிசையாகச் சட்டைகள். நடுவில் அதிகாரி முந்தின நாள் வெளுக்கக் கொடுத்த சட்டை. அவர் இன்னும் கொடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"துணிக்கொடி ஐயா," என்றாள் ஞானபாக்கியம்.

தேவதாசன் குறட்டால் கம்பியை வெட்டினான். கஞ்சி போட்ட சட்டை அத்தனையும் உப்பு மண்ணில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே விமானியின் குரல் எண்ணத் தொடங்கியது. வெளியே சட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே அவளும் கூடவே எண்ணினாள். ஏழில் குரல் சிறுத்தது. தேவதாசன் திசை சொன்னான். கால் மணி நேரத்தில் விமானம் மூக்கு நேராகப் பொட்டலுக்கு மேலே வந்துவிட்டது.

அறிக்கை எழுதுமுன் அதிகாரி அவள் பேரைக் கேட்டார். தான் கொடி தேடி நின்றது நினைவுக்கு வந்ததோ என்னவோ, "பேர் வேண்டாம்," என்று தானே அடித்துவிட்டு, 'இரும்புக் கம்பி ஒன்று அகற்றப்பட்டது' என்று மட்டும் எழுதினார். தேவதாசனின் வேலை பிழைத்தது.

சட்டைகளை மறுபடி அலசி, பழைய கயிற்றில் போட்டாள். சாயங்காலம் அதிகாரி புறப்பட்டபோது அவர் போட்டிருந்த அந்தச் சட்டையின் முதுகில் குறுக்கே பழுப்பாக ஒரு கோடு. சொல்லலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. ஒரு நாளைக்கு ஒரு பேச்சுப் போதும் என்று விழுங்கிவிட்டாள்.