கெங்கம்மா காருக்குத் தைத்த சட்டை

கெங்கம்மாவுக்கு நான் செய்த துரோகத்தை நானே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கண் காது மூக்கு வைத்துச் சொல்வார்கள்.

என் பெயர் பொன்னுரங்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் ராயபுரம் ரயில் நிலையத்து வாசலில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டி சுமார்தான், வாய் மட்டும் நல்ல கண்டிஷன். அந்த வாயால்தான் எல்லாம் வந்தது.

கெங்கம்மா காசிமேட்டுக்காரி. அப்பன் வீட்டில் படகுக்குப் பாய் தைத்துப் பழகிய கை. கல்யாணமாகி வந்த பிறகு தண்டையார்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் தையல் மெஷின் போட்டு, கார் சீட், கூரைத் துணி, லாரித் தார்ப்பாய் எது வந்தாலும் தைத்துக் கொடுத்தாள். டேப் வைத்து அவள் அளந்து நான் பார்த்ததில்லை. சாண் போடுவாள், நூல்கயிறு பிடிப்பாள், முடிச்சுப் போட்டுக்கொள்வாள், அவ்வளவுதான். தைத்ததை மாட்டினால் ஒரு சுருக்கம் இருக்காது.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. புதுத் துணி வந்தால் இரண்டு நாள் தொட்டியில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, அதற்குப் பிறகுதான் கத்தரியைத் தொடுவாள். சவாரி கெடுகிறதே என்று நாங்கள் கத்துவோம். "சுருங்கிப் போனா நீயா வந்து இஸ்துப் புடிச்சிகினு நிப்பே?" என்பாள். அதற்கு மேல் பேச முடியாது.

அவள் புருஷன் எத்திராஜ் துறைமுகத்தில் கரி மூட்டை தூக்கினவன். நெஞ்சு கெட்டுப்போய் ரத்தமாகக் கக்க ஆரம்பித்து ஒரு வருஷமாகப் பாயோடு கிடந்தான். அவன் இருமினால் கொட்டகையில் மெஷின் சத்தம் நின்றுவிடும். இருமல் அடங்கினதும் மறுபடி ஓடும். அவளிடம் துணி கொடுத்துவிட்டுக் காத்திருந்த எல்லோரும் இதைக் கேட்டிருக்கிறோம்.

இப்போது காருக்கு வருகிறேன். திருவொற்றியூரில் அப்போது லாங்டன் மோட்டார்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. கப்பலில் வரும் உதிரிகளைப் பூட்டிக் கார் ஆக்குவார்கள். எங்கள் ஸ்டாண்டில் பாதி வண்டி பழைய லாங்டன்தான். நெட்டுக்குத்தலான உடம்பு, தனியாகப் புடைத்துக்கொண்டு நிற்கும் மட்கார்டு, முழித்துப் பார்க்கும் இரண்டு லைட்டு, ஏறுவதற்கு அகலமான ஃபுட்போர்டு. அந்த வண்டியின் உருவத்தையே மாற்றிப் புதிதாக ஒன்று வருகிறது என்று சேதி கிளம்பியது. எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கம்பெனி ஒரு கொட்டகையைப் பூட்டி, வாசலில் காவல் போட்டுவிட்டது.

அவ்வளவுதான், ஸ்டாண்டில் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. மெக்கானிக் ரஷீது வெளிநாட்டுப் பத்திரிகைப் படங்களை வெட்டி வைத்திருப்பவன். "மட்கார்டு தனியா இருக்காது மாமு, உடம்போட ஒட்டிட்டிருப்பான். ஃபுட்போர்டும் கிடையாது" என்று அடித்துச் சொன்னான். பெரியவர் பக்தவச்சலம், தன் லாங்டனைத் தினம் இரண்டு வேளை துடைக்கிறவர், எழுந்தே நின்றுவிட்டார்.

"மட்கார்டு இல்லாத வண்டி வண்டியாடா? காது அறுத்த மூஞ்சி மாதிரி கீதுன்னு ஊரே சிரிக்கும். கம்பெனிக்காரன் இன்னா பைத்தியமா?"

நான் பெரியவர் கட்சி. தோற்றவன் மீசையை எடுக்க வேண்டும் என்று ரஷீதும் நானும் பந்தயம் வைத்தோம். சவாரி வந்து நின்றால்கூட, இந்தச் சண்டையை முடித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தோம்.

இந்தச் சமயத்தில்தான் கெங்கம்மாவுக்கு அழைப்பு வந்தது. கம்பெனியில் ஃபோர்மன் ஞானம் அவளுடைய கைவேலை தெரிந்தவர். புது வண்டியை மவுண்ட் ரோடு ஷோரூமுக்குக் கொண்டுபோகும்போது யார் கண்ணிலும் படாமல் மூட வேண்டும், அதற்கு இவள்தான் சரி என்று மானேஜரிடம் சொல்லிக் கூட்டிப்போனார். மானேஜருக்கும் திருப்தி. பொம்பளைக்குக் காரைப் பற்றி என்ன தெரியப்போகிறது, வெளியில் போய் என்ன சொல்லப்போகிறாள் என்று நினைத்திருக்கிறார். எவ்வளவு பெரிய படிப்பு படித்தாலும் இந்த நினைப்பு மட்டும் ஆண்பிள்ளைகளை விட்டுப் போவதில்லை.

"வண்டிக்கு ஒரு சட்டை தைக்கணும். திறப்பு விழா வரைக்கும் யார்கிட்டேயும் நீ மூச்சுவிடக் கூடாது. நல்லபடியா முடிஞ்சா சீட் தைக்கிற இடத்தில் உன்னை நிரந்தரம் பண்ணிடறேன்" என்றாராம்.

நிரந்தரம் என்றால் கம்பெனி டாக்டர் வீட்டுக்கே வருவார். காசநோய்க்கு அப்போது வந்திருந்த புது ஊசி எத்திராஜுக்குக் கிடைக்கும். கெங்கம்மாவின் காதில் அந்த ஒரு சொல்தான் விழுந்திருக்கும்.

என் காதில் விழுவது இன்னொரு சொல். சட்டை. எங்கள் தொழிலில் சட்டை என்றால் சீட்டின் மேல் தோல் போல ஒட்டி நிற்க வேண்டியது. தூசு படாமல் வண்டி மேல் தொளதொளவென்று போட்டு மூடுவதற்குப் பெயர் போர்வை. மானேஜருக்கு வேண்டியிருந்தது போர்வை. வாயில் வந்தது சட்டை. கெங்கம்மா சட்டை தைத்தாள்.

காவல் போட்ட கொட்டகையில் நாலு நாள் தைத்தாள். அந்த நாலு நாளும் அவள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் நாங்கள் பஸ் ஸ்டாப்பில் காத்துக்கிடந்தோம். வெட்கமில்லாமல் கெஞ்சினோம். ரஷீது தன் சம்சாரம் செய்த பிரியாணியைத் தூக்குச் சட்டியில் கொண்டுவந்து நீட்டினான்.

"ஒரே ஒரு வார்த்த யக்கா. மட்கார்டு கீதா, இல்லியா?"

"நா ஒண்ணியும் பாக்கல. கண்ண மூடிகினு தச்சேன்" என்றாள். பிரியாணியை மட்டும் எத்திராஜுக்காக வாங்கிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு லாரி கிளம்பியது. மேலே சட்டை போட்ட கார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஞானமும் கெங்கம்மாவும். பின்னால் தன் காரில் மானேஜர். விழா ஏற்பாடு என்று நாலு நாளும் பட்டணத்தில் இருந்தவர், அன்று லாரி நகரும்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார். வண்டி மூடியிருக்கிறதா, மூடியிருக்கிறது. அதற்கு மேல் அவர் பார்க்கவில்லை.

ராயபுரத்தில் துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் லைன் ரோட்டைக் கடக்கிற இடத்தில் கேட்டைப் போட்டுவிட்டான். கூட்ஸ் வண்டி முன்னே போவதும் பின்னே வருவதுமாக இருந்தது. லாரி எங்கள் ஸ்டாண்டுக்கு நேராக வந்து நின்றுவிட்டது.

நாங்கள் ஓடினோம். ஓடினவர்கள் அப்படியே நின்றுவிட்டோம். காக்கித் துணிக்குள் கார் ஒளிந்திருக்கவில்லை, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றது. முன்னால் மூக்கு தெரிந்தது, கண் தெரிந்தது. பக்கவாட்டில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஒரே வழவழப்பு. மட்கார்டும் இல்லை, ஃபுட்போர்டும் இல்லை. பின்பக்கம் டிக்கி நிறைமாதமாகப் புடைத்திருந்தது. கதவுக் கைப்பிடி இருக்கும் இடத்தில்கூடத் துணியைச் சின்னதாகக் குமிழ் எடுத்துத் தைத்திருந்தாள்.

"ஃபுட்போர்டு இல்ல! மீசைய எட்றா!" என்று ரஷீது குதித்தான்.

"இன்னாடா இது, சோப்புக்கட்டி மாதிரி கீது!" என்று பக்தவச்சலம் தலையில் கை வைத்தார். "பெட்டிய எங்க வெச்சி ஏறுவான் பாசெஞ்சரு? கலீஜ் பண்ட்டானுங்களே!" அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். ஒருத்தன் அழகு என்றான், இன்னொருத்தன் எலி என்றான். மீன்கூடையோடு போனவர்கள்கூட நின்று கருத்துச் சொன்னார்கள்.

எனக்கு மீசை போன வருத்தம் ஒரு கணம்தான். அந்தத் தையலைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. நாலு நாள் வாயைத் திறக்காதவள், துணியிலேயே சொல்லிவிட்டாளே! பாராட்டத்தான் கத்தினேன். ரோடே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"அல்லாத்தையும் சொல்லிட்டியே கெங்கம்மா!"

பின்னால் கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

மானேஜர் இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. கேட் திறக்கவில்லை. லாரி ஓடவும் முடியாது, அவள் இறங்கவும் முடியாது.

"யாருகிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் சொல்லல சார்."

"ஃபுட்போர்டு இல்லேன்னு கத்தறாங்களே, இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடுவில் விழுந்தேன். "அவ ஒண்ணியும் சொல்லல சார்! சட்டையப் பாத்தாலே தெரியுது சார்!"

மானேஜர் திரும்பி முதல் தடவையாக அந்தத் துணியைப் பார்த்தார். மூக்கிலிருந்து டிக்கி வரை பார்த்தார். காது சிவந்துபோயிற்று.

"மறைக்கத்தானே தைக்கச் சொன்னேன்?"

"சட்டன்னுதான் சார் சொன்னீங்கோ" என்றாள் கெங்கம்மா, மெதுவாக.

கூட்டத்தில் யாரோ சிரித்துத் தொலைத்தான். அந்தச் சிரிப்புதான் ஆபத்து. தன் தப்பைப் பார்த்து ரோட்டில் நிற்கும் டாக்சிக்காரன் சிரித்தால் எந்த மானேஜர் பொறுப்பார்? வேறொருவர் தலையில் அதைப் போட்டே ஆக வேண்டும். அந்த இடத்தில் இருந்த ஒரே தலை அவளுடையது. இனி கம்பெனி வாசலில் கால் வைக்காதே என்ற வார்த்தை அவர் உதட்டு வரைக்கும் வந்துவிட்டதை நான் பார்த்தேன்.

ஞானமும் பார்த்திருப்பார். சட்டென்று குனிந்து சொன்னார். "சார், லூசாத்தான் தச்சாங்க. கடல் காத்து, ஈரம் பட்டிருக்கு. துணி சுருங்கிப் போச்சு சார்."

மானேஜர் அதைப் பிடித்துக்கொண்டார். மேலே இருப்பவர்களிடம் சொல்ல அவருக்கும் ஒரு காரணம் வேண்டுமே. கெங்கம்மா பக்கம் திரும்பினார்.

"சுருங்கிப் போச்சா?"

ஸ்டாண்டு முழுக்க அங்கே நின்றது. இரண்டு நாள் ஊறப்போடாமல் கத்தரி வைக்காதவள் என்று அவளைத் தெரியாத ஒருத்தன் அங்கே இல்லை. சுருங்கிப் போனா நீயா வந்து நிப்பே என்று கேட்டே எங்கள் எல்லோரையும் காக்கவைத்தவள். ஆமாம் என்றால் நேற்றுத் தைக்கக் கற்றவள் செய்யும் தப்பைச் செய்தேன் என்று நடுரோட்டில் ஒப்புக்கொள்வது. இல்லை என்றால் டாக்டர் இல்லை, ஊசி இல்லை.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் அவளைக் கும்பிட்டேன். சொல்லிவிடப் போகிறாளே என்று பயமாகவும் இருந்தது.

அவள் மானேஜரைப் பார்க்கவில்லை, ஞானத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆமா சார். சுருங்கிப் பூட்ச்சி. ஊறப்போட மறந்துட்டேன்."

பக்தவச்சலம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பக்கத்தில் நின்ற சரக்கு லாரியிலிருந்து காலிக் கோணிகளை வாங்கினார்கள். கெங்கம்மாவே தன் கையால் முடிச்சை அவிழ்த்து, துணிக்கும் காருக்கும் நடுவில் கோணிகளைத் திணித்தாள். மூக்கு போயிற்று, இடுப்பு போயிற்று, கைப்பிடிக் குமிழ் போயிற்று. கேட் திறந்தபோது லாரி மேல் இருந்தது அம்மை கண்ட எருமையா, வைக்கோல் போரா என்று சொல்ல முடியாது. மானேஜருக்கு அதுதான் பிடித்திருந்தது.

திறப்பு விழா நடந்தது. மீசையை எடுத்தேன். அவளுக்கு வேலை நிரந்தரமாயிற்று. கம்பெனி டாக்டர் வந்தார், ஊசி வந்தது, எத்திராஜ் எழுந்து உட்கார்ந்தான், நடந்தான், மார்க்கெட்டுக்குப் போய்வரும் அளவுக்குத் தேறினான். தண்டையார்பேட்டையில் விவரம் தெரியாத பயல்கள் 'சுருங்கின கெங்கம்மா' என்று பெயர் வைத்தார்கள். அவள் காதுபடவே சொன்னார்கள். அவள் ஒருவனிடமும் நடந்ததை விளக்கவில்லை. என்னிடம் நாலு வருஷம் பேசவில்லை. எதிரில் வந்தால் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். அது நியாயம்தான். ஆனாலும் வலித்தது.

ஐம்பத்தெட்டில் நான் ஒரு புது மாடல் லாங்டன் வாங்கினேன், இரண்டாம் கைதான். சோப்புக்கட்டி என்று திட்டிய பக்தவச்சலம்கூட, ஓட்டிப் பார்த்துவிட்டு, "மோசமில்ல" என்று முனகினார். சீட்டுக்குச் சட்டை வேண்டும். வேறு ஆளிடம் போக மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். எத்திராஜ்தான் கதவைத் திறந்தான். அவள் வந்து துணியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து மாட்டினாள். எட்டி நின்று பார்த்தேன். சீட் மேல் துணி ஒரு சாண் தொங்கியது.

"இன்னா கெங்கம்மா, இவ்ளோ லூசா கீதே?"

"எங்கையால தச்சா துணி சுருங்கும் அண்ணாத்தே. ஊருக்கே தெரியும், ஒனக்குத் தெரியாதா?" என்றாள்.

பதினோரு வருஷம் அந்தச் சீட்டில் உட்கார்ந்து வண்டி ஓட்டினேன். ஒரு விரல்கடைகூடச் சுருங்கவில்லை.