ஐம்பத்தெட்டு சதவீதம்

கட்டுக்கதை என்று நினைத்தால் உங்கள் இஷ்டம். சந்தேகம் இருந்தால் என் தம்பி டூர்கிரிமைக் கேளுங்கள். அன்றிலிருந்து அவன் குளியலறைக் கதவைத் தாழ்போடுவதே இல்லை.

ஜனவரி 14. நார்வேயின் வடகோடியில் ஒரு மலைப்பாதை. பனிப்புயலால் சாலையில் தடுப்புக் கட்டையை இறக்கிவிட்டார்கள். பனி வாரும் வண்டி வந்தால்தான் அதன் பின்னால் போகலாம். எங்களைத் தவிர யாரும் இல்லை. மதியம் 2.40க்கே கும்மிருட்டு. வெளியே மைனஸ் 22.

எங்களுடையது வாங்கி மூன்றே வாரம் ஆன பழைய கேம்பர் வண்டி; படுக்கை, குளியலறை எல்லாம் உள்ளேயே உண்டு. புகைக்குழாயைப் பனி மூடிவிட்டது, இன்ஜினை ஓடவிட்டால் புகையே கொன்றுவிடும். டீசல் ஹீட்டர்தான் கதி. அதன் விசிறி பாட்டரியில் ஓடுகிறது. பாட்டரி 58 சதவீதம். அது தீர்ந்தால் விறைத்துப்போவோம்.

அதனால் தண்ணீர் சுடவைக்கும் கீசரை நானே அணைத்தேன். குளிர் ஏறினால் கீசரின் வால்வு தானே திறந்து தண்ணீரைக் கொட்டிவிடும். கொட்டாமல் இருக்க அதில் ஒரு துணிக் கிளிப்பை மாட்டினேன். இங்கே எல்லாரும் செய்கிற குறுக்குவழிதான்.

3.10. டக்.

கீசரின் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைத்தேன்.

3.35. மறுபடி டக். பாட்டரி 49.

"ஏன்டா, குளிக்க இதுவா நேரம்?"

"நான் தொடவே இல்லக்கா. நான் வாரத்துக்கு ஒரு தடவ குளிக்கிறவன்னு உனக்குத் தெரியாதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீசரின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

4.05. டக்.

பாட்டரி 31.

ஃபியூஸ் என் பையில்தான் இருந்தது…

"அக்கா… அந்தக் கிளிப்ப எடுத்துடு. தண்ணியே இல்லாமப் போகட்டும்."

எடுத்தேன். தொட்டித் தண்ணீர் முழுதும் வண்டிக்கு அடியில் கொட்டித் தீர்ந்தது. அப்பாடா என்றிருந்தது.

4.40.

சளசள… சளசள…

குளியலறைக்குள் யாரோ குளிக்கிறார்கள். கதவிடுக்கில் ஆவி…

பாட்டரி 9.

விசிறி நின்றது.

கதவைத் திறந்தேன்.

யாரும் இல்லை.

தரை… சுட்டது.

5.15க்கு ஜன்னலைத் தட்டினார்கள். பனி வாரும் வண்டியின் டிரைவர். கிளம்பும் முன் தலை எண்ணுவது அவர்கள் வழக்கம்.

"மூணு பேர்தானே?"

"ரெண்டு."

"அப்போ பின் ஜன்னல்ல தல தொவட்டிட்டு நிக்கிற அம்மா?"

நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வண்டியிலேயே ஏறிக்கொண்டோம்.

மறுநாள் வண்டியை விற்ற பெண்ணுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"எங்கம்மா அதே தடுப்புக் கட்டைகிட்ட, அதே வண்டியிலதான் செத்தாங்க. போன ஜனவரி. குளிர் தாங்கல, ஒரு தடவ வெந்நீர்ல குளிச்சுக்கிறேன்னு போன்ல கேட்டாங்க. நான்தான்… பாட்டரி தீந்துடும்மா, எல்லாத்தையும் அணைச்சிடுன்னேன்."

அழுதாள்.

"ஹீட்டரக்கூட அணைச்சிருக்காங்க. காலைல போய்ப் பாத்தப்ப பாட்டரி அப்படியே இருந்துச்சு."

"எவ்வளவு?"

"அம்பத்தெட்டு."