பச்சை வயர்

எங்க மாடியில ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கச்சேரி. கச்சேரின்னா உட்கார்ந்து தலையாட்டுற கச்சேரி இல்லை. ஒருத்தி கிடாரை ஸ்பீக்கர் பக்கத்துல கொண்டுபோய்க் கீச்சுனு கத்த விடுவா. ஒருத்தன் ட்ரம்ஸைப் போட்டு அந்த அடி அடிப்பான், அது அவனுக்கு என்ன பாவம் பண்ணிச்சோ தெரியலை. நாப்பது பேர் கண்ணை மூடிக்கிட்டு நின்னு கேப்பாங்க. கீழே என் தையல் கடை, மேலே பழைய துணி கோடவுன். சத்தம் தெருவுக்குப் போகாம இருக்க, சுவர் பூரா வெட்டுத்துணியில மெத்தை தைச்சு மாட்டிக் குடுத்தது நான்தான். கிடாரைக் கத்த விடுறவ என் மக. வேற எவளாவது கேட்டிருந்தா சாவியைக் கண்ணுல காட்டியிருப்பேனா?

ஆனா இப்ப நான் சொல்ல வந்தது அவளைப் பத்தி இல்லை. எர்த் மாமாவைப் பத்தி.

அவர் வயர்மேன். கோடவுனுக்கு வயரிங் பண்ண வந்தார், மூணு நாள் வேலை. கடைசி நாள் சாமானை எடுத்துப் பையில போடற நேரம் பார்த்து மேலே இதுங்க ஒத்திகையை ஆரம்பிச்சுதுங்க. மனுஷன் பையைத் தோள்ல மாட்டினபடியே முக்கால் மணி நேரம் நின்னார். அடுத்த ஞாயிறு குளிச்சு, இஸ்திரி போட்ட சட்டையோட வந்து நிக்கிறார். சட்டைப்பையில பேனா மாதிரி, கரண்ட் பார்க்கிற டெஸ்டர். அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துல ஒரு வாரம் தவறினதில்லை. வந்து கேக்கறவங்கள்ல அவர் ஒருத்தர்தான் அறுபதை எட்டினவர். மேடைக்குப் பக்கத்து மூலையில, மெயின் ஸ்விட்ச்சுக்குக் கீழே ஒரு முக்காலி, அது அவரோடது.

"இந்தக் கூச்சல்ல அப்படி என்னண்ணே இருக்கு?"ன்னு கேட்டேன்.

"உள்ள நிக்கும்போது வேற எதுவும் கேக்கலைம்மா"ன்னார். சரிதான், இவருக்கும் கழண்டுபோச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.

அவர் பயந்த மாதிரி ஒரு ஆள் பயந்து நான் பார்த்ததில்லை. கச்சேரிக்கு அரைமணி முன்னாடியே வந்துடுவார். கிடார்க் கம்பி, மைக், ஆம்ப்ளிஃபயர் பெட்டி, ஒண்ணு விடாம டெஸ்டரை வச்சுப் பார்ப்பார். ஒவ்வொரு ப்ளக்கையும் திறந்து உள்ள பச்சை வயர் இருக்கான்னு பார்ப்பார். அதுதான் எர்த் வயர். "மாமா, போன வாரம் இருந்த வயர் இந்த வாரம் எங்கே ஓடிடும்?"னு ட்ரம்ஸ்காரன் கிண்டல் பண்ணுவான். பகல்ல மருந்துக்கடையில மாத்திரை எண்ணிக் குடுக்கிறவன், வாய் மட்டும் ரொம்ப நீளம். எர்த் மாமான்னு பேர் வச்சதும் அவன்தான்.

என் மகளோட பெட்டிதான் அவருக்குப் பெரிய தலைவலி. யாரோ பயன்படுத்திப் போட்ட பழைய பெட்டி. பாட்டு இருந்தாலும் இல்லாட்டியும் 'உம்ம்ம்'னு இரைஞ்சுக்கிட்டே கிடக்கும். ஒருநாள் பச்சை வயரைக் கழட்டிட்டு, என் மகளைத் தள்ளி நிக்கச் சொல்லி, கம்பி மேல டெஸ்டரை வச்சுக் காட்டினார். டெஸ்டர் லைட் பளிச்சுனு எரிஞ்சுது.

"பார்த்தியாம்மா, பெட்டியில கரண்ட் கசியுது. பச்சை வயர் இருக்கிற வரைக்கும் கசியறது மண்ணுக்குப் போயிடும். அது இல்லேன்னா கம்பியில நிக்கும். பாப்பா கையில கம்பி, வாய் மைக்குல, கரண்ட் பாப்பா வழியா மைக்குக்குப் பாயும். மேல சொல்ல வேணாம்."

"அப்ப இரைச்சல்?"

"இரையட்டும். இரைஞ்சா பச்சை வயர் இருக்குன்னு அர்த்தம். அது நின்னாத்தான் நான் பயப்படணும்."

பெட்டியை மாத்துடின்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். இந்தச் சத்தம் வேற எந்தப் பெட்டியிலயும் வராதும்மான்னுட்டா. பிடிவாதம் என்கிட்ட இருந்து வந்ததுதான், யாரைக் குத்தம் சொல்ல.

அவர் பயம் எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் என்னையே என்னால மன்னிக்க முடியலை. ஒருநாள் கரண்ட் போயி, கடையில டீ குடிச்சுக்கிட்டு இருந்தப்ப அவரே சொன்னார். அவரும் அவர் தம்பியும் சேர்ந்து வேலை பார்த்த காலம். தரை தேய்க்கிற மிஷின் அடிக்கடி ஃப்யூஸை அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. தம்பிக்கு அவசரம். இவர் பச்சை வயரைக் கழட்டி விட்டிருக்கார். ஃப்யூஸ் போறது நின்னுச்சு. ஈரத் தரை. தம்பி மிஷினைப் பிடிச்ச கையை எடுக்கவே இல்லை.

"அம்மாகிட்ட நான்தான் கழட்டினேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தாங்க. ஒரே வீடு. தட்டுல சோறு வைப்பாங்க, தள்ளுவாங்க. ஒரு வார்த்தை கிடையாது."

சொல்லிட்டு டம்ளரைக் கழுவி வச்சுட்டுப் போனார். இவ்வளவையும் கேட்டவதான் நான். கேட்டுட்டுத்தான் அந்த வேலையைப் பண்ணினேன்.

அந்த ஞாயித்துக்கிழமை வெளியூர்ல இருந்து ரெக்கார்டிங்காரர் ஒருத்தர் வந்திருந்தார். கச்சேரியை அப்படியே பதிஞ்சு இசைத்தட்டா வெளியிடறவர். ரெண்டு வருஷமா என் மக அவருக்குக் கடுதாசி மேல கடுதாசி போட்டு வரவழைச்சிருக்கா. அஞ்சரை ரயிலுக்கு அவர் திரும்பணும். எர்த் மாமா சனிக்கிழமையே சொல்லிட்டார், ஒரு வீட்டுல மோட்டார் வேலை, வர நாலரை ஆயிடும்னு.

மதியம் ஒத்திகை பார்த்த ரெக்கார்டிங்காரர் காதுல இருந்து ஹெட்ஃபோனைக் கழட்டி, "இந்த இரைச்சல் இருந்தா ஒண்ணுக்கும் உதவாதும்மா"ன்னார். அவ்வளவுதான். என் மக கடைக்கு வந்து வெட்டு மேஜைக்குக் கீழே உட்கார்ந்து அழுதா. முப்பது வயசுப் பொண்ணு, பள்ளிக்கூடத்துல இருந்து வந்தப்ப உட்கார்ந்து அழுவாளே அதே இடத்துல. பெத்த வயிறு என்ன பண்ணும்? மூஞ்சியைக் கழுவுடின்னு அனுப்பி வச்சுட்டு, எல்லாரும் சாப்பிடப் போன நேரமாப் பார்த்து மேலே ஏறினேன்.

தையல் மிஷின் மோட்டாருக்கு நான் மாட்டாத ப்ளக்கா? மிஷின் டப்பாவுல இருக்கிற ஸ்க்ரூ டிரைவரால திறந்தேன். பச்சை வயரைக் கழட்டினேன். அது அங்கே இங்கே படக்கூடாதுன்னு சிவப்பு நூலால சுத்தி முடிச்சு போட்டு, மூடியை மாட்டினேன். ஸ்விட்ச்சைப் போட்டா பெட்டி கம்முனு கிடக்கு. ஒரு மணி நேரம்தானே, கச்சேரி முடிஞ்சதும் மாட்டிடுவோம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

"யாரும்மா சரி பண்ணினது?"ன்னு கேட்டா என் மக.

"எர்த் மாமா வந்து பார்த்துட்டுப் போனார்"னேன். வாயில அப்படியே வந்துடுச்சு. மாமா பார்த்துட்டாருன்னதும் அவ என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அப்பவாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லலை.

நாலு மணிக்கு ஆரம்பிச்சாங்க. கதவைச் சாத்தி, ஜன்னல்ல மெத்தையைத் தொங்கவிட்டாச்சு. பதிவு நடக்குது, யாரும் இருமக்கூட கூடாதுன்னு உத்தரவு. நான் அவரோட முக்காலியில போய் உட்கார்ந்தேன். எதாவதுன்னா மெயின் ஸ்விட்ச்சு தலைக்கு மேலதானே இருக்கு. முதல் உருப்படியில அவ பாடலை. இருபது நிமிஷம் வெறும் கிடாரும் ட்ரம்ஸும். நான் அவ கையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு தடவை அவ மைக் பக்கம் திரும்பும்போதும் முக்காலியில இருந்து பாதி எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். ஒண்ணும் ஆகலை. பார்த்தியா, அவர் சும்மா பயமுறுத்துறார்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

உருப்படி முடிஞ்சுது. பதிவுக்காக யாரும் கைதட்டலை. அந்த ஹால்ல அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. அப்பதான் பின்பக்கக் கதவைத் திறந்துக்கிட்டு எர்த் மாமா உள்ள வந்தார், கையில கிரீஸ் கூட சரியாப் போகலை. தாமதமா வந்துட்டோமேன்னு ஒரு அசட்டுச் சிரிப்பு. அப்புறம் தலையைச் சாய்ச்சார். கேட்டார். சிரிப்பு போன இடம் தெரியலை.

நாப்பது தலையைத் தாண்டி நேரா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

நிமிர்ந்தப்ப ட்ரம்ஸ் ஆரம்பிச்சிருந்துச்சு. அவர் கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு வர்றார். "நிறுத்து"ன்னு வாய் அசையுது, ட்ரம்ஸ் சத்தத்துல கேக்கலை. ஆளுங்க எரிச்சலாத் திரும்பிப் பார்த்து அவர் தோளைப் பிடிச்சு நிறுத்துறாங்க. கையைத் தூக்கிக் கீழ இழுத்துக் காட்டினார். மெயினை இறக்குன்னு. நான் எழுந்து கையை ஸ்விட்ச்சுல வச்சேன். என் மக மைக்கைப் பார்த்து ஒரு அடி வச்சா. மைக்கைக் கடிக்கிற மாதிரி வாயை வச்சுப் பாடறதுதான் அவ வழக்கம். ரெக்கார்டிங்காரர் என்னைப் பார்த்து, அசையாதேன்னு விரலைத் தூக்கினார்.

என் கை இறங்கலை.

மேஜைக்குக் கீழே உட்கார்ந்து அழுதாளே, அது கண்ணுல வந்து நின்னுச்சு. எவ்வளவு நேரம் நின்னேன்? ட்ரம்ஸ்ல நாலு அடி இருக்கும். அவ வாயைத் திறந்தா. குரல் பாதியில அறுந்துச்சு. தலை வெடுக்குனு பின்னால போச்சு. அப்பதான் நான் இறக்கினேன்.

ஒரே இருட்டு. அப்புறம் கைதட்டினாங்க! சத்தியமாச் சொல்றேன், நாப்பது பேரும் கைதட்டினாங்க. பாட்டைப் பாதியில வெட்டி இருட்டாக்கினது இவங்க பண்ற புதுமைகள்ல ஒண்ணுன்னு நினைச்சுட்டாங்க. "பிரமாதம்"னு ஒருத்தர் கத்துறார். நான் அந்த இருட்டுல என் பொண்ணைத் தடவித் தேடிக்கிட்டு இருக்கேன்.

ஜன்னல் மெத்தையை விலக்கினப்ப அவ தரையில உட்கார்ந்திருந்தா. கீழ் உதட்டுல வெள்ளையா ஒரு கொப்புளம், மிளகு அளவு. பல்லு கிடுகிடுன்னு அடிச்சுக்குது. எர்த் மாமா அவ கண்ணைப் பார்த்தார், நாடியைப் பிடிச்சுப் பார்த்தார், அப்புறம் போய் ப்ளக்கைத் திறந்தார். உள்ள சிவப்பு நூல். நான் அவர் தோளுக்குப் பின்னாலயே நின்னேன். அவர் நூலை உருவி, கைக்குள்ள மூடி, சட்டைப்பையில போட்டுக்கிட்டார்.

"மாமா, மதியம் நீங்கதானே வந்து சரி பண்ணினீங்க? என்ன பண்ணினீங்க?" என் மக கேட்டா.

அவர் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை.

"ஆமா பாப்பா. நான்தான் கழட்டி விட்டேன்."

அவ பேசினாளே ஒரு பேச்சு. ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற வாய், நம்பி வாயை வச்சேனே, செத்திருப்பேனே மாமா, இனிமே இந்தப் படி ஏறாதீங்கன்னு. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி. அவர் பையை எடுத்துக்கிட்டுப் படி இறங்கினார். போயிட்டு வாங்கண்ணேன்னு கூட நான் சொல்லலை. என்ன ஜென்மம் நான்!

அஞ்சு ஞாயிறு முக்காலி காலியாக் கிடந்துச்சு. ப்ளக்கையெல்லாம் நானே திறந்து பார்த்தேன். ஒரு தடவை பார்த்துட்டு, நம்பாம மறுபடியும் பார்த்தேன். ஆறாவது ஞாயிறு கச்சேரி நேரத்துல கடையை மூட வந்தவ, எதிர்ப்பக்கம் மூடின ஷட்டர் ஓரமா அவர் நிக்கிறதைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை. தலையைச் சாய்ச்சு, மெத்தையைத் தாண்டி வர்ற கொஞ்ச சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருக்கார். தெருவைத் தாண்டி ஓடினேன்.

"இரையுதாம்மா?"

"இரையுதுண்ணே."

"அப்ப சரி."

"நான் அவகிட்ட சொல்லிடறேன்ணே."

"வேணாம்மா. ஒரே வீட்டுல இருக்கீங்க."

சொல்லிட்டு நடந்துட்டார். இந்தக் கச்சேரியை விட்டா அந்த மனுஷனுக்கு வேற ஒரு போக்கிடம் கிடையாது. அதையும் நான் பிடுங்கிக்கிட்டேன்னு அவர் முதுகைப் பார்க்கும்போதுதான் உறைச்சுது.

மறுநாள் மதியம் அவ சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப சொன்னேன். நூல், ஸ்க்ரூ டிரைவர், பொய், ஸ்விட்ச்சுல கை வச்சுக்கிட்டு நின்ன நாலு அடி, எல்லாத்தையும். அவ உதட்டுத் தழும்பை விரலால தொட்டுக்கிட்டே இருந்தா. எழுந்து கையைக் கழுவினா, செருப்பை மாட்டினா, போயிட்டா. அடுத்த ஞாயிறு மூணரைக்கே எர்த் மாமாவை அவளே கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்து முக்காலியில உட்கார வச்சா. அவர் டெஸ்டரை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு ப்ளக்கா திறந்தார், ட்ரம்ஸ்காரன் கூடக் கிண்டல் பண்ணலை. வழக்கம்போல கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டார்.

என்கிட்டயா? பேசலை. தட்டை வச்சா சாப்பிடறா, சாப்பிட்டுத் தள்ளி வச்சுட்டு மேலே ஏறிப் போறா. நேத்து அவர் என் கடை வாசல்ல ஒரு நிமிஷம் நின்னு, "பேசினாளாம்மா?"ன்னு கேட்டார். இல்லைன்னு தலையாட்டினேன். இன்னியோட பத்தொன்பது நாள்.