குழாயடியில் முகம் கழுவியவர்கள்

அழுகைப் படம் என்றால் பெண்களுக்கு என்று எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தானோ, அவனைப் பிடித்து எழுபதுகளில் எர்ணாகுளத்துக்கு அக்கரையில் இருக்கும் பள்ளுருத்திக் கொட்டகையில் ஒரு மாட்னி ஷோவுக்கு உட்கார வைத்திருக்க வேண்டும். நடுவில் அரைச்சுவர். அந்தப் பக்கம் பெண்கள். மூக்கைச் சிந்திவிட்டு முறுக்கைக் கடிப்பார்கள். இந்தப் பக்கம் நாங்கள். கதாநாயகி வேறொருத்தனுக்குக் கழுத்தை நீட்டிவிட்டாள், கதாநாயகன் தோணியில் தனியாகப் போகிறான் என்றால் போதும், மட்டாஞ்சேரி பஜாரே விசும்பும். மொய்து என்று ஒரு சுமட்டுக்காரன், முதுகில் சுக்கு மூட்டையோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே நடக்கிறவன், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குவான்.

படம் விட்டதும் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் வெளியே வருவதற்குள் ஆண்கள் எல்லோரும் குழாயடிக்கு ஓடி முகம் கழுவிவிடுவோம். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, "படம் அத்தரைக்கொண்ணும் போராது, சுமார்தான்" என்று பெண்டாட்டிகளிடம் சொல்வோம். யாரும் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை.

அந்தக் குழாயடியில் முதல் ஆளாக நிற்பவர் என் அத்திம்பேர் சிவசங்கரன். சுக்கு மண்டியில் எடை பார்க்கிற உத்தியோகம். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார். அதற்கும் சேர்த்துப் பேசுகிறவன் நான், அவர் மைத்துனன் வெங்கிட்டு, பக்கத்துக் கடைக் கணக்கன்.

எழுபத்து நாலில் அவருக்கும் என் அக்காவுக்கும் பிறந்த குழந்தை கங்கா மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். ஒற்றைக் குழந்தை. அத்திம்பேர் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அந்த வாரமே மண்டிக்கும் போய்விட்டார்.

என் அக்கா கமலாக்ஷி அதை மன்னிக்கவில்லை. "கல்லுக்குக்கூட ஈரம் உண்டுடா வெங்கிட்டு" என்றாள். அதன்பிறகு அந்த வீட்டில் பேச்சு என்பது சோறு, துணி, அரிசி தீர்ந்தது என்பதோடு நின்றது. அவள் சினிமாவுக்கும் வருவதில்லை. இவரோ ஒரு காதல் படத்தையும் விடமாட்டார். கழுவித் துடைத்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவார். "குழந்தை போன வீட்டில இவருக்குக் காதல் படம் கேக்கறது!" என்று அவள் வயிறெரிவாள்.

எண்பத்தொன்றில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"நான் பாலக்காட்டுக்கு அம்மாகிட்டே போறேன். இனி வரமாட்டேன். நீ கொண்டுவிடு."

எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரையும் சாத்தியிருப்பேன். "போ. ஆனா போறதுக்கு முன்னாடி அவரோட ஒரு படம் பாத்துட்டுப் போ" என்று பிடிவாதம் பிடித்து, இருவரையும் போட்டில் ஏற்றி எர்ணாகுளத்துக்குக் கூட்டிப்போனேன். சிரித்துவிட்டு வரட்டும் என்று நினைத்தால், நான் பார்த்து டிக்கெட் எடுத்த படமும் காதல் தோல்வி. என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

புதுத் தியேட்டர். அரைச்சுவர் கிடையாது. அக்கா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இடைவேளைக்குப் பிறகு கதாநாயகி ரயிலேறினாள். அத்திம்பேருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. அக்கா திரையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தாள். பிறகு சட்டென்று எழுந்து வெளியே நடந்தாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். குழாயைத் தேட நேரமில்லை.

போட் ஜெட்டியில், பட்டப்பகலில், அவள் திரும்பி நின்றாள்.

"குழந்தை போனப்போ ஒரு சொட்டு வரலை. எவளோ ஒரு சினிமாக்காரிக்கு இத்தரை கண்ணீரா? வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

அத்திம்பேர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு எந்த சினிமாக்காரியையும் அறியாது கமலா. கதையும் அறியாது. யாராவது யாரையாவது விட்டுட்டுப் போனா, எனக்குக் கங்காதான் போறா."

"அப்போ நம்ம ஆத்துல, என் முன்னாடி, எதுக்குக் கரயலை? ஏன் அழலை?"

"நீ கிணத்தடியில போயிப் போயி நின்னுண்டிருந்தே. நானும் கரஞ்சா உன்னை யாரு பிடிக்கறது?"

இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து, கதாநாயகிக்காக அழுகிறார் என்று நினைத்த மடையன் நான்.

அக்கா அவர் அருகில் வந்தாள். பிறகு, "என்னையும் கூப்பிட்டிருக்கப்படாதா, ஏன்னா?" என்றாள். அவர் கையைப் பிடித்து இழுத்துப் பெஞ்சில் உட்காரவைத்தாள். இருவரும் வாய்விட்டு அழுதார்கள். போட் வந்தது, போயிற்று. இறங்கினவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"எந்தா நோக்குந்நது? ஆளைக் கண்டதில்லையா? போங்கோ!" என்று கத்தினேன்.

அந்த வாரம் அம்மாவிடம் சேதி சொல்லப் பாலக்காட்டுக்கு நான் மட்டும்தான் போனேன்.