கடலைப் பார்த்துப் பாடிய ராஜா

என் அத்தை நாடகத்தில் ராஜபார்ட். கிரீடம் வைத்து, மீசை ஒட்டி, ராஜாவாக வந்து பாடுவாள். மைக் இல்லாத காலம். அவள் குரல் எடுத்தால் திருவொற்றியூர் ரயிலடியில் நிற்கிறவனுக்கும் கேட்கும் என்பார்கள். ரங்கூன், கொழும்பு எல்லாம் போய் மெடல் வாங்கினவள்.

அந்தக் குரல் எங்கள் குப்பத்துக் கரையில் வந்ததுதான். பனி மூடினால் கட்டுமரத்துக்குக் கரை தெரியாது. பெண்கள் நின்று கூப்பிடுவார்கள். தங்கச்சியான அத்தை கூப்பிடுகிற திசையை வைத்துத்தான் என் அப்பா, நைனா, கரை பிடிப்பாராம். அவள் நாடகக் கம்பெனியோடு போன அன்றைக்கு, "இனிமே அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று கடல் தண்ணியைத் தொட்டுச் சத்தியம் பண்ணிவிட்டார். அந்தச் சத்தியத்தை எங்கள் ஆட்கள் மீற மாட்டார்கள்.

உலகச் சண்டை நடந்த காலத்தில் கம்பெனி எங்கள் பக்கம் வந்து, கரையிலேயே கொட்டகை போட்டது. ராத்திரி விளக்குப் போடக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு. அதனால் பகலிலேயே நாடகம். மத்தியானமே நைனா தனியாகக் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அம்மா என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள்.

உள்ளே அத்தை மீசை ஒட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கண்டதும் எழுந்தாள்.

"அண்ணி, அண்ணன் வந்துகீதா?"

"கடலுக்குப் பூட்டாரு."

"இந்நேரத்துலயா? எந்தப் பக்கம்?"

"நேர் எதிர்லதான் கீறாரு," என்றாள் அம்மா.

அத்தை ஆளைக் கூப்பிட்டு, மேடைக்குப் பின்னால் கடல் பக்கத்துத் தட்டியை அவிழ்க்கச் சொன்னாள்.

ராஜா வந்தாள். ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். தூரத்தில் ஒரே ஒரு கட்டுமரம். எதிர்க்காற்று. அவள் எடுத்த எடுப்பில் என் காது அடைத்தது.

"இன்னா ராஜா, மீனுக்கா பாடுற? டிக்கெட் வாங்குனவன் இங்க குந்திகினு கீறான்!" என்று ஒருவன் கத்தினான். கொட்டகையே சிரித்தது. எனக்கு அவமானமாக இருந்தது. காற்றில் மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. அவள் திரும்பவே இல்லை.

மறுநாள் கம்பெனி கிளம்பிவிட்டது. அப்புறம் அவள் இந்தப் பக்கம் வரவில்லை.

நாடகம் நடந்த அன்றைக்குப் பொழுது சாயும்போது நைனா கரையேறினார். கூடையில் ஒரு மீன் இல்லை. எனக்குப் பசி. அம்மா நன்றாகத் திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவள் வலையை வாங்கித் தொட்டுப் பார்த்தாள். நானும் தொட்டேன். பொட்டு ஈரம் இல்லை. அதைக் கொண்டுபோய் மற்றவர்கள் வலையோடு வலையாக மணலில் காயப் போட்டாள்.

காய்ந்த வலையை எதற்குக் காயப் போடுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.